கல்லாவுக்கு அந்தப் பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

மருந்துக்கடை பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் 12 வருடம் சப்போர்ட் போன் எடுத்தேன். அதன் பிறகுதான் ‘ப்ராடக்ட் மேனேஜர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த போனில் வாங்கிய திட்டு. போன இதழில் பேச்சுவாக்கில், “எந்த ஃபீச்சரை அடுத்துச் செய்வது என்று இப்போது எல்லாரும் ஏஐயிடம் கேட்கிறார்கள்” என்று ஒரு வரி எழுதினேன். இந்த மாதத் தபால் முழுக்க அதுதான்.

*

அக்கா, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மளிகைக் கடைகளுக்கான பில்லிங் ஆப் நடத்துகிறோம். கையில் 43 ஐடியா இருக்கிறது. அத்தனையையும் ஏஐயிடம் கொடுத்து ‘ரைஸ்’ முறையில் மதிப்பெண் போடச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் அட்டவணை வந்துவிட்டது. மேலே உள்ள பத்தையும் பொங்கல் ரிலீஸில் விட்டுவிடலாம் என்கிறார் பார்ட்னர். விடலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

முதலில் பொங்கலை விடுங்கள் தம்பி. பொங்கலுக்கு முந்தைய வாரம் மளிகைக் கடைக்காரர் பச்சரிசியும் மண்டை வெல்லமும் நிறுத்துப் போட்டே ஓய்ந்து போயிருப்பார். அன்றைக்கு பில் திரையில் ஒரு பட்டன் இடம் மாறியிருந்தாலும் உங்கள் குலத்தையே இழுப்பார். நல்ல ஃபீச்சராகவே இருந்தாலும் சரி. ரிலீஸ் தேதியை உங்கள் காலண்டரில் பார்க்காதீர்கள், அவருடைய காலண்டரில் பாருங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு மாதம் 11, 20 என்று தேதி இருக்கிறது. எனக்கு ஏஐ ஒருமுறை போட்டுக் கொடுத்த திட்டத்தில் ரிலீஸ் 19-ஆம் தேதி இருந்தது. அதன் மேல் தப்பில்லை, நான்தான் சொல்லவில்லை. சொன்னதும் மாற்றிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டது. 19-ஆம் தேதியே விட்டிருந்தால் போன் எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்.

இப்போது உங்கள் அட்டவணை. ரைஸ் என்பது இன்டர்காம் என்ற அமெரிக்க கம்பெனிக்காரர்கள் தங்கள் வேலைக்காக வகுத்துக்கொண்ட முறை. எத்தனை பேருக்குப் போய்ச் சேரும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன், இதெல்லாம் எவ்வளவு நிச்சயம் – மூன்றையும் பெருக்கி, ஆகும் வேலையால் வகுக்க வேண்டும். பயனுக்கு 3-லிருந்து 0.25 வரை ஐந்து படி. நிச்சயத்துக்கு 100, 80, 50 சதவீதம்.

இந்த நான்கில் ஏஐக்கு எது தெரியும்? எத்தனை கடை கடன் பில் போடுகிறது என்பது உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. எத்தனை நாள் வேலை என்பது உங்கள் ப்ரோக்ராமர் மண்டையில் இருக்கிறது (அவர் சொல்வதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்). நீங்கள் இரண்டையும் கொடுக்கவில்லை. ஆகவே அது பொதுவாக உலகத்தில் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எண்களை நிரப்பியிருக்கிறது. நிரப்பிவிட்டு ‘நிச்சயம்: 80 சதவீதம்’ என்றும் போட்டிருக்கும், பார்த்தீர்களா? கணக்கு எழுதியவரே ஆடிட்டர் கையெழுத்தையும் போட்டது போல.

நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு காரியம் செய்து பாருங்கள். அதே 43-ஐ வரிசையைக் குலுக்கி, புதிய உரையாடலில் மறுபடி கேளுங்கள். முதல் பத்தில் எத்தனை தங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு பதில்களைக் காட்டி எது நல்லது என்று இந்த மாடல்களைக் கேட்டால், இடத்தை மாற்றி வைத்ததுமே சில நேரம் தீர்ப்பும் மாறுகிறது என்று 2023-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

இரண்டாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் ஏற்கெனவே வெளியிட்ட பத்து ஃபீச்சரை எடுங்கள். எது ஓடியது, எது ஈ ஓட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், புது ஐடியா மாதிரியே எழுதிக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன். எங்கள் கடைக்காரர்கள் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்காத ‘விற்பனை வரைபடம்’ அதன் பட்டியலில் இரண்டாவது இடம். ‘கடைசி பில்லைத் திருப்பி எடு’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறது, அந்த பட்டனை நாங்கள் நீக்கிவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு ஒன்பதாவது இடம். பழைய தேர்விலேயே இந்த மார்க் வாங்குகிற ஆளிடம் புதுக் கேள்வித்தாளைக் கொடுத்து என்ன செய்வது?

ஏஐயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 43-இல் ஒரே ஐடியா மூன்று பெயரில் இருக்கும், அதைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், பிரமாதமாகச் செய்யும். அதன் பிறகு ஒவ்வொரு ஐடியாவுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “இந்த ஐடியா வீண் என்று இருந்தால், அதைக் கண்டுபிடிக்க நான் கடையில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?” ‘கடன் நோட்டை ஆப்பில் எழுதுவது’ என்ற ஐடியாவுக்கு எனக்கு வந்த பதிலில் ஒன்று: “கடைக்காரர் கடனை எழுதும்போது கல்லாவில் இருப்பவர் எழுதுகிறாரா, சரக்கு எடுத்துக் கொடுப்பவர் எழுதுகிறாரா என்று பாருங்கள்.” நான் நினைக்காத கேள்வி. போய்ப் பார்த்தால் கடன் எழுதுவது கடைக்காரர் மனைவி, ராத்திரி வீட்டில், நினைவிலிருந்து. எங்கள் ஐடியா பாதியாக உடைந்தது. ஒரு வரி ப்ரோக்ராம் எழுதுமுன் உடைந்ததே, அதுதான் லாபம்.

இன்னொன்றைப் பார்ட்னரிடம் சொல்லுங்கள். புது மாற்றத்தைச் சிலருக்கு மட்டும் காட்டி, காட்டாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனைகளை மைக்ரோசாஃப்டில் நடத்திய ரான் கோஹாவி எழுதியிருக்கிறார்: நல்லது என்று நம்பி, செய்து, சோதித்துப் பார்த்த ஐடியாக்களில் எதற்காகச் செய்தார்களோ அதை உண்மையிலேயே உயர்த்தியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அங்கேயே அப்படி. பத்தையும் ஒரே ரிலீஸில் கொட்டினால் எது தேறியது, எது கவிழ்த்தது என்று பிரித்துப் பார்க்கக்கூட உங்களால் முடியாது. இரண்டு எடுங்கள். கூகுள் ப்ளேயில் முதலில் சில சதவீதம் பேருக்கு மட்டும் அனுப்புகிற வசதி இருக்கிறது, அதில் விடுங்கள். தை பிறந்து பத்து நாள் கழித்து.

*

அப்படியென்றால் மதிப்பெண் குறைந்த ஐடியாக்களையாவது ஏஐயை நம்பி அழித்துவிடலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

அழிக்காதீர்கள். 2012-இல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் நடந்தது இது. விளம்பரத்தின் தலைப்பு வரியைக் கொஞ்சம் நீட்டிக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அப்போது இந்த மாதிரி ஏஐ எல்லாம் இல்லை, மனிதர்கள்தான் பார்த்து ‘முக்கியமில்லை’ என்று ஒதுக்கினார்கள். ஆறு மாதத்துக்கும் மேல் பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு ஒரு எஞ்சினியர், இதில் வேலை ரொம்பக் குறைவுதானே என்று தானாகவே செய்து சோதனையில் விட்டார். சில மணி நேரத்தில், வருமானம் ஏறுவதைப் பார்த்து எங்கேயோ பிழை என்று எச்சரிக்கை மணி அடித்தது. பிழை இல்லை. 12 சதவீதம் உயர்வு. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல்.

என் பட்டியலில் அடியில் கிடப்பவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ‘அரை நாளில் முடிகிறது எது?’ என்று மட்டும் ப்ரோக்ராமரிடம் கேட்பேன். மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை.

*

நான் என்ன ஐடியா சொன்னாலும் ஏஐ “அருமையான சிந்தனை” என்கிறது. என் அம்மாகூட இவ்வளவு பாராட்டியதில்லை.
– வேலையில் சேர்ந்து ஆறு மாதமான ஒருவர், சென்னை

உங்கள் அம்மாவை நம்புங்கள்.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாடலுக்கு விட்ட ஒரு அப்டேட்டைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. காரணம், அது அளவுக்கு மீறிக் காக்காய் பிடித்தது. (ஃபீச்சரைச் சரியாக எடைபோடாமல் ரிலீஸ் விட்ட கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்கு எங்கே கிடைக்கும்?) மனிதர்கள் எந்தப் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்துகிறார்களோ, அந்த மாதிரிப் பதில்களை நோக்கிப் பழக்கப்படுகிற பொருள் இது. நமக்குப் பிடித்தது பாராட்டு, அதுவும் அதையே கற்றுக்கொள்கிறது.

‘இது என் ஐடியா’ என்று சொல்லாமல், ‘போட்டிக் கம்பெனி இதைச் செய்யப் போகிறது’ என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நானும் செய்தேன். அப்போது நீங்கள் குறை கேட்க வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு கிழித்துத் தொங்கவிடுகிறது. இரண்டுமே நம் முகம் பார்த்துப் பேசுவதுதான். எனக்கு உதவியது வேறு. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிப் பரவிய ஒரு பழக்கம் உண்டு: திட்டம் தொடங்குமுன்பே, அது படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு காரணங்களை எழுதுவது. ஏஐயிடம் இப்படிக் கொடுக்கிறேன்: “இந்த ஃபீச்சரை வெளியிட்டு ஆறு மாதம் ஆகிறது. யாரும் பயன்படுத்தவில்லை. என்ன நடந்திருக்கும் என்று நாள்வாரியாகச் சொல்.” நல்லதா கெட்டதா என்று அதைக் கேட்பதே இல்லை. தோற்றது என்று நாமே சொல்லிவிடுவதால் முகத்துதிக்கு இடமில்லை. வருகிற இருபது காரணத்தில் பதினைந்து எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற பொதுப் பேச்சு, அடித்துவிடுங்கள். மிச்சம் ஐந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அலுவலகத்தில் இடித்துச் சொல்ல ஒரு சீனியர் இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. அவரை வைத்துக்கொள்ளுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.

*

கடைகளுக்கு நேரில் போக நேரமில்லை. “நீ 60 வயது மளிகைக் கடைக்காரர், ஊர் உசிலம்பட்டி” என்று ஏஐயிடம் சொல்லிப் பேட்டி எடுக்கிறேன். ஆச்சரியமாகப் பேசுகிறது. இது போதுமா?
– ஒரு வாசகர், மதுரை

மதுரையில் இருந்துகொண்டு உசிலம்பட்டிக்குப் போக நேரமில்லை என்கிறீர்கள். ஊருக்குள்ளேயே மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

நீங்கள் பேட்டி எடுத்த அண்ணாச்சிக்கு முன்னால் கூட்டம் நிற்கவில்லை. அவர் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. உங்கள் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, பத்தி பிரித்துப் பதில் சொல்கிறார். நிஜ அண்ணாச்சி, “ம்… நல்லாருக்கு தம்பி, வச்சிட்டுப் போங்க” என்பார். அந்த ‘வச்சிட்டுப் போங்க’வுக்கு ‘நான் இதைத் தொடவே மாட்டேன்’ என்று அர்த்தம். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

பேட்டிக்குப் போகுமுன் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். “என் கேள்விகளில் எது பதிலை நானே ஊட்டிவிடுகிற மாதிரி இருக்கிறது?” என்று கேட்டால் சரியாகப் பிடித்துக் கொடுக்கும்.

*

நான் சாஃப்ட்வேர்காரன் இல்லை. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். என் பில்லிங் கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் ஏதாவது புதிதாக விடுகிறார்கள். கேட்டால், “ஏஐ வைத்து கஸ்டமர் தேவையை அலசிச் செய்கிறோம் சார்” என்கிறார்கள். நான் கேட்ட ஒன்று மட்டும் வந்தபாடில்லை. உங்கள் ஆட்களுக்கு என்னதான் பிரச்சினை?
– ஒரு கடைக்காரர், நாமக்கல்

அண்ணா, நீங்கள் எந்தக் கம்பெனியைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். நாங்களாக இருந்துவிட்டால் வம்பு.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானே செய்த தப்பு. மூன்று மாத சப்போர்ட் அழைப்புக் குறிப்புகளை மொத்தமாக ஏஐயிடம் கொடுத்து, எதை அதிகம் கேட்கிறார்கள் என்று தொகுக்கச் சொன்னோம். முதலிடம் வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது. கடைசிப் பக்கத்தில், ஒன்பதே கடைகள் சொன்ன ஒரு புகார்: எச்-1 பதிவேட்டில் டாக்டர் பெயர் சில பில்களுக்கு விட்டுப்போகிறது. ஒன்பது என்பது சின்ன எண், ஆகவே அடியில். அது எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தச் சொன்ன என் குற்றம்.

நீங்கள் சிரிப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக்கூடிய மருந்துகள் ஷெட்யூல் எச்-1 என்ற பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறை. விற்கும்போது மருந்து எழுதிய டாக்டர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வந்து முதலில் கேட்பது அதைத்தான். வாட்ஸ்அப் பில் இல்லையென்றால் கடை ஓடும். இது இல்லையென்றால் லைசென்ஸுக்கே ஆபத்து.

நோரியாக்கி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984-இல் இதைப் பிரித்துக் காட்டினார். சில குணங்கள் இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள், இல்லாவிட்டால் கொதித்துவிடுவார்கள். சாம்பாரில் உப்பு மாதிரி. ‘உப்பு போடுங்கள்’ என்று யாரும் ஐடியாப் பெட்டியில் எழுதிப் போடுவதில்லை. அதனால்தான் கானோ ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டு கேள்வி வைத்தார்: இது இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும். இப்போது நாங்கள் தொகுக்கச் சொல்லும்போது எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடச் சொல்கிறோம்: ‘இது கெட்டால் கடைக்காரருக்கு என்ன ஆகும்?’ எரிச்சலா, பண நஷ்டமா, சட்டச் சிக்கலா? பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தப்பாகப் பிரித்ததை நாங்கள் திருத்துகிறோம்.

உங்கள் பக்கமிருந்தும் ஒன்று செய்யலாம். “எனக்கு இந்த பட்டன் வேண்டும்” என்று சொன்னால் அது நூறு பட்டன்களில் ஒன்றாகப் போய்விடும். “போன செவ்வாய் இன்ஸ்பெக்டர் வந்தார், பதிவேட்டில் நான்கு பில்லுக்கு டாக்டர் பெயர் இல்லை, ஒரு மணி நேரம் ரசீது புரட்டினேன்” என்று சொல்லுங்கள். மனிதர் படித்தாலும் சரி, மெஷின் படித்தாலும் சரி, அது அடிக்குப் போகாது.

*

எங்களுக்கு வருகிற புகார்கள் எல்லாம் தமிழும் இங்கிலீஷும் கலந்து, பாதி வாய்ஸ் மெசேஜ். ஏஐ புரிந்துகொள்கிறதா?
– ஒரு வாசகி, திருச்சி

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே. ஆனால் கடைத்தமிழ் அதற்குத் தனிப்பாடம். “கணக்கு உதைக்குது” என்று பதினோரு பேர் சொன்னதை ‘பிற’ என்ற மூட்டையில் கட்டிவைத்திருந்தது. இருப்பும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? “சரக்கு மைனஸ்ல நிக்குது”, “பில் ரெண்டா விழுது” என்று ஒரு நாற்பது சொற்றொடரைப் பொருளோடு எழுதி, ஒவ்வொரு முறையும் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் புகார்களைக் கொடுக்கிறேன். அந்த அகராதியை எழுத சப்போர்ட் பெண்கள் இரண்டு பேரும் நானும் ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். கம்பெனியில் அவ்வளவு சிரித்த மத்தியானம் வேறில்லை.

‘பிற’ மூட்டையை மட்டும் எப்போதும் நீங்களே பிரித்துப் படியுங்கள்.

*

புகார்களை அப்படியே ஏஐயில் ஒட்டலாமா? போன் நம்பர் எல்லாம் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், ஈரோடு

கூடாது. பெயர், போன் நம்பர், ப்ரிஸ்கிரிப்ஷன் படம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது உங்கள் ஃபீச்சர் திட்டத்துக்கு எதற்கு?

*

முதலாளிக்கு ஒரு ஐடியா பிடித்துவிட்டது. ஏஐ, கஸ்டமர், நான் மூன்று பேரும் வேண்டாம் என்கிறோம். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோவை

பத்துக் கடையில் மட்டும் விட்டுப் பார்க்கலாம் சார் என்று சொல்லுங்கள். பத்துக் கடையையும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

*

உங்கள் சொந்த ஐடியா ஏதாவது கவிழ்ந்ததுண்டா?
– ஒரு வாசகி, விருதுநகர்

குரலில் பில் போடுவது. கடைக்காரர் மாத்திரைப் பெயரைச் சொன்னால் போதும், பில்லில் ஏறிவிடும். 2023-இல் எனக்கு வந்த ஐடியா, இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஏஐயும் புகழ்ந்தது. மேலே சொன்ன தோல்விக் கதையையும் எழுத வைத்தேன். மின்விசிறிச் சத்தம், ரோட்டில் ஹாரன், மருந்துப் பெயரின் உச்சரிப்பு, ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்கள் என்று நல்ல நல்ல காரணங்கள் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் வழி கண்டுபிடித்தோம். நல்ல மைக்கூட வாங்கினோம்.

முதல் கடையில் முதல் நாள் நான் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். ஒரு பெண் வந்தார். உள்ளே எழுதியிருப்பது யார் கண்ணிலும் படாதபடி சீட்டை மடித்து, மேஜை மேல் தள்ளினார். கடைக்கார அண்ணன் பிரித்துப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர் மைக்கைத் தொடவில்லை. ஸ்ட்ரிப்பை எடுத்து, கவரில் போட்டு, கீபோர்டில் தட்டினார்.

அலுவலகத்தில் எங்களுக்கும் தோன்றவில்லை, ஏஐக்கும் தோன்றவில்லை. அந்த மைக் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பேத்தி பாட்டுப் பாடுகிறாள்.